உய்த்தறிதலும் உள்ளக் கோட்டமும்

மனிதனை ஏனைய உயிர்களினின்றும் பிரித்துக் காட்டுவது ஆறாவது அறிவு என்பது நம் முன்னோர் துணிபு. அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றைத் துணிதல் அவ்வறிவின் தலையாய தொழில்களுள் ஒன்றாகும். புகையைக் கண்டவன், நெருப்பைக் காணாதபோதும், நெருப்பு உண்டெனத் துணிகின்றான். நீதிமன்றத்திலே நீதிபதியும், நோயாளியின் பக்கத்திலே வைத்தியரும், விடைத்தாளின் முன்னே ஆசிரியரும் நாள்தோறும் செய்வது இதனையே. இத்துணை இன்றியமையாத தொழிலை மனித மனம் செவ்வனே செய்கின்றதா? பிழை நேருமிடத்து அப்பிழை எத்தன்மையது? அதனைத் தவிர்க்க வழியுண்டா? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழா மலருக்குத் தமிழாசிரியன் எழுதுங்கால் இலக்கிய நயம் பற்றி எழுதுவதே மரபு. அம்மரபினின்றும் இம்முறை யான் விலகுவதற்குக் காரணம் உண்டு. அளவை நூல் பிழையென விலக்கிய வழியிலே யானே ஒருகாற் சென்று, ஒரு மாணவனுக்குத் தீங்கிழைத்தேன். பிறர் பிழைகளை எடுத்துரைக்குமுன் என் பிழையைக் கூறிவிடுதல் முறையாகும்.

ஒரு விடைத்தாளின் கதை

ஆண்டுகள் பல ஆயின. யான் அப்பொழுது வேறொரு பாடசாலையிற் பணியாற்றினேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, செய்யுட்பொருள் விளக்கும் வினா ஒன்றுக்கு இரு மாணவர் எழுதிய விடைகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கக் கண்டேன். அம்மட்டோ? இருவரும் ஒரே சொல்லுக்கு ஒரே பிழையான பொருளை எழுதியிருந்தனர். பரீட்சை மண்டபத்தில் அவர்கள் முன்னும் பின்னுமாக அமர்ந்தவர்கள். முன்னிருந்தவன் வகுப்பில் முதல்வன். பின்னிருந்தவன் தமிழிற் சித்தியெய்துவதே அரிது.

பார்த்தெழுதினால் விடைகள் ஒத்திருக்கும், விடைகள் ஒத்திருக்கின்றன, ஆகவே இவன் பார்த்தெழுதினான் என்று என் மனம் கணப்பொழுதில் முடிவு கட்டியது. அவனை அழைத்து வினவினேன். அவன் தலைகுனிந்து நின்றானேயன்றி மறுமொழி கூறவில்லை. குற்றமுடையவன் வாய்திறவான் என எண்ணி, அம்மௌனத்தையும் சான்றாக ஏற்றுக்கொண்டேன். அவ்வினாவுக்குப் பூச்சியம் இட்டேன். வகுப்பார் முன்னிலையிற் கடிந்தும் பேசினேன்.

நான்கு நாள் கழிந்தபின் அவன் தாயார் பாடசாலைக்கு வந்தார். "ஐயா, இந்தக் கொப்பியை ஒருக்காப் பாருங்கோ" என்று பழைய குறிப்புக் கொப்பி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். அயல்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தது அது. அவ்விடை அதிலே, அப்பிழையுடனேயே, இருந்தது. அக்கொப்பி மாணவர் மூவரிடையே கைமாறியதென்றும், தம் மகன் இரவிரவாக விழித்திருந்து அதனை மனனஞ் செய்தானென்றும் அவர் கூறினார்.

மூவரா? விடைத்தாட் கட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மண்டபத்தின் மறுகோடியில் அமர்ந்திருந்த மூன்றாமவனுடைய தாளிலும் அதே வரிகள், அதே பிழை. அத்தாளையும் யானே திருத்தியிருந்தேன். ஆயினும் அவ்வொற்றுமை என் கண்ணிற் படவேயில்லை. யான் தேடியதெல்லாம் அந்த இருவரைப் பற்றியதாக இருந்தமையால், என் முடிவைத் தகர்க்கத்தக்க சான்று என் கைக்கட்டிலேயே இருந்தும் அதனைக் காணாதவனானேன்.

புள்ளிகளைத் திருத்தினேன். வகுப்பார் முன்னே என் தவற்றையும் ஒப்புக்கொண்டேன். எனினும், அன்றுமுதல் அம்மாணவன் என் பாடவேளையிற் கையுயர்த்தியதை யான் கண்டதில்லை.

உய்த்தறிதல் என்பது யாது?

ஏற்றுக்கொண்ட கூற்றுக்களிலிருந்து அவற்றால் தவிர்க்கவொண்ணாதவாறு பெறப்படும் முடிவைத் துணிதலே உய்த்தறிதல் எனப்படும். ஏற்றுக்கொண்ட கூற்றுக்கள் எடுகூற்றுக்கள் எனப்பெயர் பெறும். எடுகூற்றுக்கள் உண்மையாயிருக்க, முடிவு பொய்யாதல் ஒருவாற்றானும் இயலாதாயின் அவ்வாதம் வலிதாகும். உண்மை என்பது கூற்றின் இயல்பு. வலிமை என்பது வாதத்தின் அமைப்பைச் சார்ந்தது. இவ்விரண்டனையும் வேறுபிரித்தறிதலே அளவையியலின் முதற்பாடம்.

மழை பெய்தால் முற்றம் நனையும் என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். இதிலிருந்து நால்வகையாக வாதிக்கலாம். மழை பெய்தது; ஆகவே முற்றம் நனைந்தது என்பது ஒன்று; இது வலிது. முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை என்பது மற்றொன்று, இதுவும் வலிது. முற்றம் நனைந்திருக்கின்றது, ஆகவே மழை பெய்தது என்பது மூன்றாவது, இது வலிதன்று. வீட்டுப் பெண்கள் காலையில் நீர் தெளித்தாலும் முற்றம் நனையுமன்றோ? மழை பெய்யவில்லை, ஆகவே முற்றம் நனையவில்லை என்னும் நான்காவதும் அக்காரணத்தாலேயே வலிதன்று.

முதலாவது வழி சிறு பிள்ளைகளுக்கும் எளிது. இரண்டாவது, வலிதாயினும், பலருக்குத் தடுமாற்றத்தை விளைப்பது. மூன்றாவதும் நான்காவதும், வலியற்றனவாயினும், பலர் மனத்தைக் கவர்வன. என் கதையிலே நனைந்த முற்றத்தைக் கண்டு மழையைத் துணிந்தவன் யானே. நீர் தெளித்த கை ஒன்று இருந்ததென்பதைப் பழைய கொப்பிதான் எனக்கு உணர்த்திற்று.

நான்கு அட்டைகள்

மனிதர் உய்த்தறியுங்கால் எங்கே வழுக்குகின்றனர் என்பதை ஆய்வுக் களத்தில் வைத்துக் காட்டிய உளநூல் அறிஞருட் குறிப்பிடத்தக்கவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த பீற்றர் வேசன் (1924–2003). 1966ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சோதனை ஒன்று இன்றளவும் ஆய்வாளரால் எடுத்தாளப்படுகின்றது. அதனைத் தமிழ் எழுத்துக்களைக் கொண்டே ஈண்டு அமைத்துக் காட்டுவேன்.

மேசைமீது நான்கு அட்டைகள் உள்ளன. ஒவ்வோர் அட்டையிலும் ஒருபுறம் எழுத்தும் மறுபுறம் எண்ணும் உண்டு. உமக்குத் தெரியும் பக்கங்களில் அ, க, 4, 7 என்பன காணப்படுகின்றன. விதி இது: ஒருபுறம் உயிரெழுத்து இருப்பின் மறுபுறம் இரட்டை எண் இருக்கும். இவ்விதி மெய்யா பொய்யா எனத் துணிதற்கு எந்த அட்டைகளைத் திருப்புதல் வேண்டும்? தேவையற்ற எதனையும் திருப்பலாகாது.

மேலே படிக்குமுன் மாணவர்கள் தம் விடையைத் தாளிற் குறித்துக்கொள்வார்களாக.

பலர் கூறும் விடை அ, 4 என்பது. அ மட்டும் என்பது அதனையடுத்து மிகுதியாகக் கூறப்படுவது. சரியான விடையோ அ, 7 என்பதாகும். அகர அட்டையின் மறுபுறம் ஒற்றை எண் இருந்தால் விதி பொய்யாகும். ஆதலின் அதனைத் திருப்புதல் வேண்டும். 7 என்னும் அட்டையின் மறுபுறம் உயிரெழுத்து இருந்தாலும் விதி பொய்யாகும். ஆதலின் அதனையும் திருப்புதல் வேண்டும். 4 என்னும் அட்டையைத் திருப்புவதாற் பயனில்லை. அதன் மறுபுறம் உயிரெழுத்து இருந்தால் விதிக்கு இசைவு. மெய்யெழுத்து இருந்தாலும் விதிக்கு முரணில்லை. ஏனெனில் மெய்யெழுத்துக்கு எந்த எண் வரவேண்டும் என விதி கூறவில்லை. க என்னும் அட்டையும் அக்காரணத்தால் விலக்கப்படும். உயிர்மெய்யை இங்கே உயிரெழுத்தாகக் கொள்ளவில்லை என்பதை இலக்கணம் வல்லார் உணர்வர்.

தவறான விடையைத் தந்தோர் நாணவேண்டியதில்லை. வேசனும் பிலிப் ஜோன்சன்-லெயர்டும் 1970ஆம் ஆண்டில் தொகுத்துரைத்த ஆய்வுகளிற் கலந்துகொண்ட 128 பேரிற் சரியான இரு அட்டைகளை மட்டும் தெரிந்தெடுத்தோர் 5 பேரே. 59 பேர் அ, 4 என்பவற்றுக்கு ஒப்பான அட்டைகளையும், 42 பேர் அ என்பதற்கு ஒப்பானதை மட்டும் தெரிந்தெடுத்தனர். பின்வந்த ஆய்வுகளிலும் சரியாக விடை கூறியோர் பொதுவாகப் பத்தில் ஒருவர் அளவினரே.

இத்தவற்றுக்குக் காரணம் யாது? விதியை மெய்ப்பிக்கும் அட்டையை மனம் நாடுகின்றது. பொய்ப்பிக்கும் அட்டையை நாடுவதில்லை என்பது முதலில் எழுந்த விளக்கம். ஜோனதன் எவன்ஸ் என்பார் 1973ஆம் ஆண்டிலே தம் துணைவர் ஒருவருடன் செய்த ஆய்வு மற்றொன்றை வெளிப்படுத்திற்று. விதியை, உயிரெழுத்து இருப்பின் மறுபுறம் இரட்டை எண் இராது எனச் சிறிது மாற்றினால், அப்பொழுதும் மக்கள் அ, 4 என்னும் வகையான அட்டைகளையே நாடுகின்றனர். இம்முறை அதுவே சரியான விடை! ஆகவே பலர் விதியின் பொருளை ஆராய்ந்து தெரிவு செய்வதில்லை. விதியிலே சொல்லப்பட்ட பொருள்களின்மேலேயே அவர்தம் கண் செல்கின்றது. இதனைச் சொல்லொப்புக் கோட்டம் எனலாம். சொல்லாத 7 என்னும் அட்டையோ கண்முன் இருந்தும் மறைந்துபோகின்றது. என் விடைத்தாட் கட்டிலே மூன்றாமவனுடைய தாள் மறைந்ததும் இவ்வாறே.

மூன்று எண்கள்

விதியை மெய்ப்பிக்கும் சான்றையே நாடும் இயல்பை வேசன் 1960ஆம் ஆண்டிலேயே வேறொரு சோதனையாற் காட்டியிருந்தார். 2, 4, 6 என்னும் மூன்று எண்களைத் தந்து, இவை ஒரு விதிக்கு அமைந்தவை. நீரும் மும்மூன்று எண்களாகக் கூறிப் பாரும். அவை விதிக்கு அமையுமா அமையாவா என யான் சொல்வேன். விதியை உறுதியாக அறிந்தபின் அதனைக் கூறும் என்றார்.

பெரும்பாலார், இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என உடனே ஊகித்தனர். அவ்வூகத்தைச் சோதிப்பதற்கு 8, 10, 12 என்றும், 20, 22, 24 என்றும் கூறினர். ஒவ்வொரு முறையும் அமையும் என்னும் மறுமொழியே கிடைத்தது. உறுதியுடன் தம் விதியைக் கூறினர். தவறு என்றார் வேசன். அவர் மனத்திற் கொண்ட விதி, ஒன்றைவிட ஒன்று பெரிதாக வரும் எந்த மூன்று எண்களும் என்பதே. 1, 2, 50 என ஒருமுறை கூறியிருந்தால் தம் ஊகம் குறுகியது என்பதை அவர்கள் கண்டிருப்பர். முதன்முறை கூறிய விதியே சரியாக அமைந்தோர் 29 பேரில் 6 பேர் மாத்திரமே.

இதனை உறுதிதேடுங் கோட்டம் எனலாம். நூறு இசைவுகள் கிடைத்தாலும் விதி மெய்யென நிலைபெறாது. ஒரு முரண்பாடு கிடைப்பின் பொய்யென்பது நிலைபெறும். இவ்வுண்மையை யாவரும் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்வர். ஆயினும் தம் கருத்தைச் சோதிக்கப் புகும்போது இசைவுகளையே எண்ணிக்கொண்டு போவர்.

நம்பிக்கையின் நிழல்

இனி, மற்றொரு கோட்டத்தை நோக்குவோம். பின்வரும் இரு வாதங்களையும் சீர்தூக்கிப் பார்க்க.

முதலாவது: நீரில் வாழும் உயிர்கள் யாவும் மீன்கள்; திமிங்கிலம் நீரில் வாழும் உயிர்; ஆகவே திமிங்கிலம் மீன்.

இரண்டாவது: மருந்துகள் யாவும் பயன் தருவன, கசப்பான பொருள்களுட் சில பயன் தருவன, ஆகவே கசப்பான பொருள்களுட் சில மருந்துகள்.

முதலாவது பிழையென்றும் இரண்டாவது சரியென்றும் நம் மனம் விரைந்து கூறும். அளவை நூல் கூறுவது அதற்கு நேர்மாறானது. முதல் வாதத்தின் முடிவு பொய். காரணம், அதன் முதல் எடுகூற்றே பொய். ஆயினும் எடுகூற்றுக்களை ஏற்றுக்கொண்டால் முடிவை ஏற்காதிருத்தல் இயலாது. ஆதலின் வாதம் வலிது. இரண்டாம் வாதத்தின் முடிவு மெய். ஆயினும் அது எடுகூற்றுக்களிலிருந்து பெறப்படுவதன்று. ஐயமுடையோர் அதே அமைப்பில் இதனைப் பார்க்க: பசுக்கள் யாவும் புல் மேய்வன, குதிரைகளுட் சில புல் மேய்வன, ஆகவே குதிரைகளுட் சில பசுக்கள். இவ்வாதத்தை ஒருவரும் ஏற்கார். மருந்தைப் பற்றிய வாதத்தை ஏற்றது முடிவு நமக்கு உகந்ததாயிருந்தமையால் அன்றோ?

எவன்ஸும் அவர்தம் துணைவர் இருவரும் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை எண்ணளவிற் காட்டுகின்றது. எடுகூற்றுக்களை உண்மையெனக் கொண்டு, முடிவு அவற்றிலிருந்து பெறப்படுமா என்று மட்டும் நோக்குமாறு கூறப்பட்டது. வலிதான வாதங்களில், முடிவு நம்பத்தக்கதாயிருந்தபோது நூற்றுக்கு 89 வீதம் ஏற்கப்பட்டன. நம்பத்தகாததாயிருந்தபோது 56 வீதமே ஏற்கப்பட்டன. வலியற்ற வாதங்களிலோ, முடிவு நம்பத்தகாததாயிருந்தபோது 10 வீதமே ஏற்கப்பட, நம்பத்தக்கதாயிருந்தபோது 71 வீதம் ஏற்கப்பட்டன! வலியற்ற வாதம் வலிய வாதத்திலும் கூடுதலான ஆதரவைப் பெற்றது, அது நம் நம்பிக்கையின் நிழலில் நின்றமையால்.

முடிவு பிடிக்காதபோது வாதத்தைத் துருவி ஆராய்கின்றோம். பிடித்தபோது ஆராயாமல் விடுகின்றோம் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். இந்த நம்பிக்கைக் கோட்டமே என்னையும் பற்றியது. தமிழிற் குறைந்த புள்ளி பெறுபவன் பார்த்தெழுதியிருப்பான் என்பது எனக்கு நம்பத்தக்கதாயிருந்தது. முதல்வனே பார்த்தெழுதினான் எனக் கொள்வதற்கும் விடைகளின் ஒப்புமை அதே அளவு இடந்தந்தது. ஆயினும் அவ்வெண்ணம் என் உள்ளத்தில் எழவேயில்லை.

பழகிய களம்

மனித மனம் உய்த்தறியவே வல்லதன்று என இவற்றைக்கொண்டு முடிவு செய்தலும் பிழையாகும். அமெரிக்காவில், புளோரிடாவிலே, ரிச்சட் கிறிக்ஸ், ஜேம்ஸ் கொக்ஸ் என்போர் 1982ஆம் ஆண்டில் அதே நான்கு அட்டைச் சோதனையை வேறொரு கோலத்திற் கொடுத்தனர். பியர் அருந்துபவர் 19 வயதுக்கு மேற்பட்டவராயிருத்தல் வேண்டும் என்பது விதி. பியர் அருந்துபவர், குளிர்பானம் அருந்துபவர், 22 வயதினர், 16 வயதினர் என்பன அட்டைகள். விதி மீறப்படுகின்றதா எனப் பார்க்கும் பொலிஸ் உத்தியோகத்தராகத் தம்மைப் பாவித்துக்கொள்ளுமாறு கூறியபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் சரியான அட்டைகளைத் தெரிந்தெடுத்தனர்.

நம் கல்லூரி நூலகத்தை நினைந்து பார்ப்போம். நூலை வீட்டுக்குக் கொண்டுசெல்பவர் உறுப்பினராயிருத்தல் வேண்டும் என்பது விதியானால், நூலகர் யாரைச் சோதிப்பார்? நூலைக் கொண்டுசெல்பவரையும், உறுப்பினரல்லாதவரையுமே சோதிப்பார். உறுப்பினரை மறித்துப் பையைத் திறக்கச் சொல்லார். அகரமும் ஏழும் தந்த இடர்ப்பாடு இங்கே இல்லை, அமைப்போ ஒன்றே.

இதற்கு விளக்கங்கள் வெவ்வேறாகக் கூறப்படுகின்றன. அனுமதி, கடமை என்பவற்றைப் பற்றிய சிந்தனைச் சட்டகங்கள் நம் மனத்தில் உள்ளன என்றனர் பற்றிசியா செங், கீத் ஹோலியோக் என்னும் இருவரும் 1985ஆம் ஆண்டில். சமூகத்தில் ஏமாற்றுவோரைக் கண்டுபிடித்தற்கென மனம் தனியாக அமைந்துள்ளது என்றார் லீடா கொஸ்மிடஸ் 1989ஆம் ஆண்டில். விளக்கம் எதுவாயினும் ஒன்று தெளிவு. விதியை மீறுபவன் எவன் என்று மனம் தேடத் தொடங்கியவுடன் ஏழாம் எண் அட்டை கண்ணுக்குத் தென்படுகின்றது. வலிமை நம்மிடம் இல்லாமலில்லை. அதனை அழைக்கும் வினாவே இல்லாதிருக்கின்றது.

முன்னோர் வகுத்த நெறி

இவ்விடத்திலே நம் பழைய அளவை நூல்களை நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து. அவை உளநூற் சோதனைகள் செய்தவையல்ல. வாதத்திற்கு விதி வகுத்தவை. ஆயினும் அவ்விதிகளுள் ஒன்று மேற்கூறிய குறைக்கு நேரே மருந்தாக அமைந்துள்ளமை வியக்கத்தக்கது.

இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால் என ஒருவன் வாதித்தால், அடுக்களை போல என்னும் எடுத்துக்காட்டை மட்டும் அவை போதுமெனக் கொள்வதில்லை. நெருப்பில்லாத இடத்திற் புகையுமில்லை, நீர்நிலை போல என்னும் எதிர்மறை எடுத்துக்காட்டையும் வேண்டுகின்றன. அடுக்களை என்பது இசைவைக் காட்டுவது. நீர்நிலை என்பதோ நெருப்பில்லாத இடத்தைச் சென்று நோக்குவது; வேசனுடைய மொழியிற் கூறின், அது ஏழாம் எண் அட்டையைத் திருப்புவதாகும். பலரும் மறந்துவிடும் அவ்வட்டையை, வாதத்தின் உறுப்பாகவே நம் முன்னோர் அமைத்துவைத்தனர்.

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையின் 29ஆம் காதையிலே அறவண அடிகள் இந்நெறியை மணிமேகலைக்கு உரைக்கின்றார். இசையும் எடுத்துக்காட்டைச் சாதன்மியம் என்றும், எதிர்மறை எடுத்துக்காட்டை வைதன்மியம் என்றும் அக்காதை வகுக்கின்றது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என 33 போலிகளையும் விரித்துரைக்கின்றது. அவற்றுள் ஏதுப்போலியின் வகையாகிய அநைகாந்திகத்திலே சாதாரணம் என ஒன்றுண்டு. துணியவேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் பொதுவாகக் காணப்படும் ஏதுவே அது. பார்த்தெழுதினோரிடத்தும் பார்த்தெழுதாதோரிடத்தும் ஒருங்கே காணத்தக்க விடையொப்புமையை ஏதுவாகக் கொண்ட என் வாதம் இவ்வகையைச் சேர்ந்த போலியாகும். மணிமேகலையைப் பாடமாகக் கற்றவன், கற்பித்தவன், அக்காதையையும் வாசித்தவன் யான். வேண்டிய வேளையில் அது கைகொடுக்கவில்லை.

கற்றல் மட்டும் போதுமா?

இவ்வனுபவம் எனக்கு மட்டும் உரியதன்று. செங், ஹோலியோக் ஆகியோரும் துணைவரும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பருவம் முழுவதும் அளவையியற் பாடத்தைக் கற்ற பல்கலைக்கழக மாணவரிடம் அட்டைச் சோதனையிற் காணப்பட்ட முன்னேற்றம் நூற்றுக்கு 3 வீதமே. விதிகளை அறிதல் வேறு. வேண்டுமிடத்து அவற்றை நினைந்து கையாளுதல் வேறு. அளவையியலைப் பாடமாகக் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. கற்றதைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாமல், வீட்டிலும் வீதியிலும் பத்திரிகை படிக்கும்போதும் கையாளுதல் வேண்டும்.

நம்பிக்கையூட்டும் செய்தியும் ஒன்றுண்டு. டேவிட் மொஷ்மன், மொலி கைல் என்னும் இருவரும் 1998ஆம் ஆண்டில் அட்டைச் சோதனையைத் தனியாட்களுக்கும், ஐவர் அறுவர் கொண்ட குழுக்களுக்கும் கொடுத்தனர். தனித்துச் செய்தோரில் நூற்றுக்கு 9 வீதத்தினரே சரியான விடை கண்டனர். கூடி வாதித்த குழுக்களிலோ 75 வீதமானவை சரியான விடையை அடைந்தன. பெரும்பான்மையோர் கருத்தையே குழு ஏற்குமாயின் இவ்வாறு நேர்ந்திராது. ஏனெனில், தனித்து நிற்குங்கால் பெரும்பான்மையோர் கருத்து தவறானது. ஒருவர் காட்டிய காரணத்தை மற்றவர் மறுத்தும், மறுக்கவியலாதபோது ஏற்றும் உண்மையை அணுகினர். தன் வாதத்திலே குறை காணாத கண், பிறர் வாதத்திலே குறை காண்பதில் கூர்மையுடையது. அக்கூர்மையை ஒருவர்க்கொருவர் நல்குவதே நல்ல விவாதம்.

ஆகவே, நம் கல்லூரிகளில் நடைபெறும் விவாத அரங்குகள் வெற்றிக் கேடயத்திற்காக மட்டும் அமைந்தவையல்ல. தன் கட்சியை நிறுவுவதோடு, எதிர்க்கட்சியின் மிகச் சிறந்த காரணத்தைத் தானே எடுத்துரைக்கவும் மாணவன் பழகுவானாயின், அப்பழக்கம் வாழ்நாள் முழுவதும் துணைநிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும் கருத்து ஒன்றே. உய்த்தறிதலில் நாம் தவறுவது பெரும்பாலும் அறிவுக் குறையால் அன்று. கேட்கவேண்டிய வினாவைக் கேளாமையால். என் கருத்துக்கு எது இசைகின்றது என்று கேட்பது மனத்தின் இயல்பு. என் கருத்துப் பொய்யாயின் எது காணப்படும், அதனைத் தேடிப் பார்த்தேனா என்று கேட்பது பயிற்சி.

நம் பழைய மாணவருட் சிலர் நீதிமன்றத்திலும், சிலர் வைத்தியசாலையிலும், சிலர் அலுவலகங்களிலும் பிறருடைய வாழ்வைப் பற்றித் துணியும் நிலையில் இருக்கின்றனர். ஆசிரியராகிய நாங்களும் நாள்தோறும் சிறு தீர்ப்புக்களை வழங்கிக்கொண்டிருக்கின்றோம். மேன்முறையீடு இல்லாத தீர்ப்புக்கள் அவை. தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கு வழக்கறிஞர் எவருமில்லை. அங்கே அவனுக்காகவும் ஒருமுறை வாதித்துப் பார்த்தல் தீர்ப்பிடுவோன் கடமையாகும்.

இப்பொழுதெல்லாம் இரு விடைகள் ஒத்திருக்கக் கண்டால், யான் முதலிற் செய்வது மண்டபத்தின் மறுகோடியில் அமர்ந்தோரின் தாள்களை எடுத்துப் பார்ப்பது. பின்னர் அம்மாணவனைத் தனியே அழைத்து, "தம்பி, இந்த விடையை எங்கே படிச்சனீர்?" என்று கேட்பேன். சில வேளைகளிற் குற்றமே வெளிப்படும். சில வேளைகளில் ஒரு பழைய கொப்பி வெளிப்படும். எதுவாயினும், கேட்டபின் துணிந்த துணிபு அது.

விழாக் காணும் நம் கல்லூரி கற்றோர் பலரை ஈன்றுள்ளது. தம் முடிவைத் தாமே ஐயுற்று நோக்கவல்ல சான்றோர் பலரையும் அது ஈன்றிடுக என இறைவனை வேண்டி அமைகின்றேன்.